"எழுதித் தருவீங்களா, டாக்டர்?"

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், இருமுனை மனநோய்க்கு (பைபோலார்) லித்தியம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணின் அம்மா கேட்டது: "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதித் தருவீங்களா, டாக்டர்?"

"எழுதித் தர முடியாதும்மா. ஆனா இப்ப நிறுத்தவும் கூடாது."

பதில் சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த அம்மாவின் முகம் உறுத்துகிறது. முதல் மூன்று மாதத்தில் லித்தியம் எடுத்தால், 100 குழந்தைகளில் சுமார் 1 குழந்தைக்கு இருக்கும் இதயக் குறைபாடு 2-க்குச் சற்று மேலே போகிறது. தினம் 900 மி.கி.யைத் தாண்டினால் ஆபத்து இன்னும் கூடும். ஆனால் பத்தாவது வாரத்துக்குள் இதயம் உருவாகிவிடுகிறது. ஏழாம் மாதத்தில் மாத்திரையை நிறுத்துவதால் அந்த ஆபத்து துளியும் குறையாது, பிரசவத்துக்குப் பின் நோய் திரும்பும் ஆபத்துதான் ஏறும். இதைக் கேட்டுத் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா, அலுத்துப்போனாரா?

எனக்குப் பயம் பிரசவ வாரத்தைப் பற்றித்தான். கர்ப்பத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்வதால் ரத்தத்தில் லித்தியம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் குறைந்துவிடும், டோஸை ஏற்றுவோம். பிள்ளை பிறந்ததும் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பும். ஏற்றிய டோஸ் அப்படியே தொடர்ந்தால் விஷமாகும். அதனால் வலி எடுத்ததும் மாத்திரையை நிறுத்தி, ரத்தம் பார்த்து, கர்ப்பத்துக்கு முந்தைய டோஸில் மீண்டும் தொடங்க வேண்டும். இரவு 9 மணிக்கு மாத்திரை போட்டால் காலை 9 மணிக்கு, அடுத்த மாத்திரைக்கு முன், ரத்தம் எடுக்க வேண்டும். சிசேரியன் வலிக்கு வழக்கமாகப் போடும் டைக்ளோஃபெனாக் லித்தியத்தை ஏற்றிவிடும், அதற்குப் பதில் பாராசிட்டமால் கொடுக்கலாம். அப்புறம் நம் வீட்டுப் பத்தியம்: "பச்ச உடம்புக்குத் தண்ணி ஆகாது, உப்பைக் குறை." இரண்டுமே லித்தியத்தை உடம்பில் தேக்கும். கேஸ் ஷீட்டில் எழுதினால் மட்டும் போதாது, சமைப்பவரிடமே சொல்ல வேண்டும்.

"அப்ப தாய்ப்பால்?" என்றார் அந்த அம்மா.

தாயின் ரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி பாலிலும், கால் பங்கு குழந்தையின் ரத்தத்திலும் சேரும். கொடுப்பதானால் குழந்தையின் ரத்தத்தில் லித்தியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், தைராய்டு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அன்றே கொண்டுவர வேண்டும். இரண்டு பஸ் மாறி வரும் குடும்பத்துக்கு இது முடியாதென்றுதான் பவுடர் பால் சொன்னோம். பாட்டி ஊட்டினால் தாய்க்கு இரவுத் தூக்கமும் கிடைக்கும், தூக்கம் கெட்டால் நோய் திரும்பும் ஆபத்து கூடும். ஆனால் பவுடர் பாலுக்குக் கொதித்த தண்ணீர், கழுவிய பாலாடை, மாதாமாதம் டப்பா வாங்கப் பணம், எல்லாம் வேண்டும். அந்த வீட்டில் எது குறைந்த ஆபத்து? அதையும் எழுதித் தர முடியவில்லை.