மர அச்சுகள் இருந்த மாடி அறை

1971இல் கொழும்பில், கொம்பனித் தெருப் பக்கம் ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறையில் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே என்னை மாடி அறைக்கு அனுப்பிவிட்டார்கள். தேயிலைக் கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரத்தின் பல்சக்கரம், தாங்கி, கைப்பிடி என்று எல்லாமே அங்கே மரத்தில் இருந்தன. அந்த மர அச்சை மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழியில்தான் இரும்பை ஊற்றுவார்கள். அச்சு செய்யும் பாஸ், அதாவது மரவேலை மேஸ்திரி, ஒரு அளவுகோலைத் தந்தார். "இத உங்க கோலோட சேத்து வச்சுப் பாருங்க தம்பி." அவருடைய கோலில் ஒரு அடி, எட்டில் ஒரு அங்குலம் கூடுதல். ஊற்றிய இரும்பு ஆறும்போது அவ்வளவு சுருங்கும். அந்தச் சுருக்கத்தையும் சேர்த்துத்தான் மரத்தைச் செதுக்கவேண்டும்.

கொழும்புப் பட்டறைகளுக்குச் சோறு போட்டது மலைநாடுதான். இயந்திரங்கள் செய்த வோக்கர் கம்பனி 1854இல் கண்டியில் தொடங்கியது கோப்பிக் காலத்தில். 1869இல் இலைத்துரு நோய் வந்தது, கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை நட்டிருந்தார். கோப்பிப் பழத்தின் தோலுரிக்க இயந்திரம் செய்த கைகள் ரோலருக்கும் உலர்த்திக்கும் மாறின. ஒரு பயிர் செத்தபோது சாகாத தொழில் இது. அதனால்தான், பின்னால் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரும்பை உருக்கும் குப்போலா உலையை மூட்டும் நாளில் பட்டறையில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். கோக் கரி, உடைத்த பழைய இரும்பு, சுண்ணாம்புக் கல் என்று மாறி மாறிப் போடுவார்கள். பிற்பகலில் உருகிய இரும்பு வரும் துளையைத் திறந்தால் வெளிச்சம் கூரைவரை ஏறும். மணல் அச்சில் கொஞ்சம் ஈரம் கூடினாலும் இரும்பு கொதித்துத் தெறிக்கும். அதனால் மணலைக் கைப்பிடியில் அழுத்திப் பார்ப்பவரின் முகத்தைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

1975இல் வெளிநாட்டுக் கம்பனிகளின் தோட்டங்களை அரசு எடுத்தது. அந்தத் தோட்டங்களைக் கொழும்பிலிருந்து நிர்வகித்து, எங்களுக்கு வேலை கொடுத்துவந்த ஏஜென்சிக் கம்பனிகளிடமிருந்து கடிதம் வருவது குறைந்தது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது. அப்புறம் மணல் வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக வளைகுடாவுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், இங்கே கிடைத்த சம்பளம் அப்படி. ஆனால் மாடி அறையைக் காலிசெய்து மர அச்சுகளை விறகு விலைக்கு விற்றதை மன்னிக்க முடியவில்லை. இடம் தேவையாம்.

சில மாதம் கழித்து ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து, தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள், அங்கே தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் ஒருவர் வந்தார். சாக்குக்குள் ரோலர் சக்கரம், இரண்டு துண்டாக. "ஸ்டோர் நிக்குது சேர். கொழுந்து வாடிப் போயிரும்." வத்தளையில் ஓய்வாக இருந்த பாஸைப் போய்க் கூட்டிவந்தேன். துண்டுகளைப் பொருத்தி அளந்து, நான்கு நாளில் புது அச்சு செதுக்கினார். கோலை அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். சக்கரம் முதல் ஊற்றிலேயே சரியாக வந்தது.

டீ மேக்கர் சக்கரத்துக்குக் காசு கட்டினார். பிறகு, அந்த மர அச்சையும் தரமுடியுமா என்று கேட்டார். கொடுத்தோம். அதே சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கோட்டை ஸ்டேஷனுக்குப் போனார்.