கடைப் பெயரை அடித்தால் ஆசிரியர் சங்கம் வருகிறது

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா விற்கும் அண்ணாச்சி ஒருவர் போன வாரம் பதறிப்போய்க் கூப்பிட்டார். "தம்பி, நம்ம கடை முகவரிய அடிச்சா ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கம் வருதுப்பா. எவனும் ஹேக் பண்ணிட்டானா?"

ஹேக்கெல்லாம் இல்லை. இரண்டு தளமும் டெபியன் (லினக்ஸ் வகை இயங்குதளம்) உள்ள ஒரே சர்வரில், ஒரே அப்பாச்சியில் (கேட்பவருக்குப் பக்கங்களை அனுப்பும் மென்பொருள்) ஓடுகின்றன. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சமீபத்தில்தான் என்னிடம் வந்தது.

ஒரே ஐபி முகவரியில் பல தளங்கள் இருந்தால், பிரவுசர் அனுப்பும் ஹோஸ்ட் பெயரை, அதாவது கேட்கப்பட்ட தளத்தின் பெயரைப் பார்த்துத்தான் அப்பாச்சி யாருடைய பக்கத்தைக் கொடுப்பதென்று முடிவு செய்யும். அந்தப் பெயருக்கு வர்ச்சுவல் ஹோஸ்ட் (ஒரு தளத்துக்கென்று எழுதிவைக்கும் பகுதி) கிடைக்காவிட்டால் பிழை எதுவும் சொல்லாது. கோரிக்கை வந்த போர்ட்டில் (சர்வரின் வாசல் எண்; ஹெச்டிடிபிக்கு 80, பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு 443) முதலாவதாக இருக்கும் தளத்தை எடுத்து நீட்டிவிடும்.

இந்த மாதிரி நேரத்தில் கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகளைத் திறந்து வரிவரியாகப் படிப்பது வீண் வேலை. கோப்பில் எழுதியிருப்பது வேறு, அப்பாச்சி படிப்பது வேறு. அப்பாச்சிசிடிஎல் கட்டளையோடு பெரிய எழுத்து எஸ் சேர்த்து ஓட்டினால், எந்த போர்ட்டில் எந்தப் பெயர், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று அதுவே சொல்லிவிடும். 80இல் கடையும் சங்கமும் இருந்தன. 443இல் சங்கம் மட்டும்தான்.

சிலருக்குக் கடை சரியாக வந்ததன் காரணமும் இதுதான். பழைய வாட்ஸ்அப் செய்தியிலிருந்த ஹெச்டிடிபி இணைப்பைப் பழைய பிரவுசரில் தட்டியவர்கள் 80க்குப் போனார்கள். முகவரியைக் கையால் அடித்தவர்கள் 443க்கு. குரோம் 2021 ஏப்ரலில் வந்த 90ஆம் பதிப்பிலிருந்து, அடிக்கிற முகவரிக்கு முதலில் ஹெச்டிடிபிஎஸ்ஸைத்தான் முயல்கிறது. தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழில் பெயர் பொருந்தாமல் இருந்தால் விஷயம் அங்கேயே வெளிப்பட்டிருக்கும். ஆனால் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ் ஒன்றில் 100 பெயர் வரை சேர்க்கலாம். எனக்கு முன்பு சர்வரைப் பார்த்துக்கொண்டவர் எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து ஒன்றே வாங்கியிருந்தார். பூட்டுச் சின்னத்தோடு, துளி எச்சரிக்கையில்லாமல் வேறொருவர் தளம்!

சரி, கடையின் 443 பகுதி எங்கே போனது? கோப்பு இருந்தது, உள்ளே எல்லாம் சரியாகவும் இருந்தது. பெயரின் முடிவில் புள்ளி கான்ஃப் மட்டும் இல்லை. அப்பாச்சி 2.2 பதிப்புக் காலத்தில், டெபியனில் தளக் கோப்புகளை இணைத்துவைக்கும் ஃபோல்டரில் காப்புக் கோப்புகள் தவிர எது கிடந்தாலும் அது படிக்கும். 2.4 வந்த பிறகு கான்ஃப் என்று முடிவதை மட்டும்தான் படிக்கிறது. தளத்தை அந்த ஃபோல்டரில் சேர்க்கும் ஏ2என்சைட் கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால் அதுவே தடுத்திருக்கும். இங்கே கையால் இணைப்புப் போட்டிருந்தார்கள். கான்ஃபிக் டெஸ்ட் ஓட்டினாலும் 'சின்டாக்ஸ் ஓகே' என்றுதான் வரும், படிக்காத கோப்பில் பிழை ஏது?

பெயரை மாற்றி, மறுபடி இணைத்து, ரீலோட் செய்ததும் கடை வந்துவிட்டது. அப்புறம் இரண்டு போர்ட்டிலும் முதல் இடத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வெற்றுத் தளத்தை வைத்து, 'பக்கம் இல்லை' என்னும் 404 மட்டும் கொடுக்கச் செய்தேன். வாடிக்கையாளர் தளம் எதையும் அந்த முதல் இடத்தில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வழிதவறி வருகிறவர் 404 பார்க்கட்டும், அடுத்தவர் வீட்டுக்குள் போய் நிற்க வேண்டாம். பதிவுக் கோப்பிலும் கேட்கப்பட்ட ஹோஸ்ட் பெயரைச் சேர்த்துவிட்டேன். பொருந்தாத பெயரில் யாராவது வந்தால் இனி அண்ணாச்சி கூப்பிடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.