மூக்கோரத்து மணிகளும் தாயின் முகமும்

மண்டபம் என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்த 19 வயதுப் பெண்ணுக்கு, மூக்கின் இரு பக்கத்திலும் கன்ன மடிப்பை ஒட்டியும் சவ்வரிசி அளவில் தோல் நிற மணிகள் நெருக்கமாக இருந்தன. 12 வயதில் தொடங்கியவற்றைப் பரு என்று நினைத்து 7 ஆண்டுகளாகக் களிம்பு தடவியிருக்கிறாள். அவற்றில் ஒன்றுகூடப் பழுத்து உடையவில்லை. தொழுநோயோ என்று தெருவில் யாரோ கேட்டுவிட்டதால் தாய் பதறிப்போய் அழைத்து வந்திருந்தார். காது மடல் தடிக்கவில்லை, உணர்ச்சி குறையவில்லை, நரம்புகள் வீங்கவில்லை. அந்தப் பயத்தை முதலிலேயே போக்கினேன்.

தோலைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பை வைக்கும் முன் முகத்தைக் கழுவச் சொல்வது என் வழக்கம், ஏனெனில் எங்கள் கடற்கரையில் உப்புப் படிவும் பவுடரும் மஞ்சளும் மயிர்க்கால்களில் தங்கி, இல்லாத வெள்ளைப் புள்ளிகளையும் மஞ்சள் புள்ளிகளையும் காட்டிவிடும். லென்ஸை அழுத்தினால் இரத்தம் ஒதுங்கி நாளங்கள் மறைந்துவிடும். ஆகவே ஜெல்லைத் தாராளமாக வைத்து, லென்ஸ் அதன்மேல் மிதக்கும்படி பிடிக்க வேண்டும். கருநிறத் தோலில் நாளங்கள் எளிதில் தெரியாததால் இந்தப் பொறுமை இன்னும் அவசியம்.

அவள் மணிகளில் முத்து வெண்மையான பின்னணி, கிளை பிரிந்த மெல்லிய நாளங்கள் சில, வெண்ணிறச் சிறு நீர்க்கட்டிகள் போன்ற புள்ளிகள், முனைவாக்கிய ஒளியில் கோலத்துக்கு நாலு புள்ளி வைத்தாற்போன்ற வெண்குழுக்கள் ஆகியவை தெரிந்தன. 1892இல் ஆங்கிலேயத் தோல் மருத்துவர் புரூக் விவரித்த டிரைக்கோஎபிதீலியோமாவாக, அதாவது மயிர்க்கால் சார்ந்த தீங்கற்ற கட்டியாக, இருக்கலாம் என்று தோன்றியது.

ஆனாலும் எனக்கு உறுதி தந்தது தாயின் முகம்தான். மஞ்சள் பூசிய கன்னத்தைக் கழுவி வந்ததும், மூக்குத்தியைச் சுற்றி அதே மணிகள் சற்றுப் பெரிதாகத் தெரிந்தன.

"சொந்தத்துல கட்டுனதால வந்துச்சா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

"இல்லக்கா" என்றேன். 16ஆம் குரோமோசோமில் உள்ள சி.ஒய்.எல்.டி. மரபணுவின் ஒரு பிரதி பழுதானாலே இது வரக்கூடும் என்பதையும், அந்தப் பழுது ஒவ்வொரு குழந்தைக்கும் கடந்துபோக 50 சதவீத வாய்ப்பு உண்டு என்பதையும், மாமன் மகனை மணந்தது இதற்குக் காரணமே அல்ல என்பதையும் அவருக்குப் புரியும்படி விளக்கினேன். அதே மரபணுவால் உச்சந்தலையிலும் கட்டிகள் வரலாம் என்பதால் இருவருக்கும் வகிடு வகிடாக முடியைப் பிரித்துப் பார்த்தேன். அங்கே எதுவும் இல்லை. வலிப்பையும் வெளிறிய தோல் திட்டுகளையும் உண்டாக்கக்கூடிய டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபு நோயின் கட்டிகளும் இதே இடத்தில் வரும். அதனால் வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டு, உடலில் வெளிறிய திட்டுகளையும் தேடினேன்.

தாயின் மணிகளில் ஒன்று மட்டும் என்னை நிறுத்தியது. மேலே லேசான பொருக்கு, உள்ளே சாம்பல் நீலத் திட்டு. தோலின் அடித்தள உயிரணுப் புற்றுநோயும் இப்படித்தான் தெரியும். டிரைக்கோஎபிதீலியோமாவோ அதை நன்றாகவே நடிக்கக்கூடியது. லென்ஸ் சந்தேகத்தைக் குறுக்குமே தவிரத் தீர்ப்புச் சொல்லாது என்பதால், அந்த ஒன்றை முழுதாக அகற்றிப் பயாப்ஸிக்கு அனுப்பினேன். தீங்கற்றது என்றே முடிவு வந்தது.

மகளின் மணிகளை மின்சூட்டால் சமன்செய்யத் தொடங்கியிருக்கிறோம்; மீண்டும் முளைக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். வீட்டில் 10 வயதுத் தம்பி இருக்கிறான், முகம் தெளிவாகத்தான் இருக்கிறதாம். அடுத்த முறை அவனையும் அழைத்து வருகிறார்கள்.