ஒரு பாட்டைப் பிரித்து மேய்ந்த அனுபவம்

பழைய பதிவை எடுத்துப் புது வடிவம் கொடுக்கும் ரீமிக்ஸைச் செய்து பார்க்கும் ஆசையைக் கிளப்பியது அமெரிக்கப் பாடகி சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' பாட்டு. 1987-இல் ஆல்பத்தில் வந்தபோது அதில் வாத்தியமே கிடையாது, வெறும் குரல்தான். 1990-இல் டிஎன்ஏ என்ற பெயரில் இயங்கிய இரண்டு பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள், அனுமதி கேட்காமலே அந்தக் குரலுக்கு அடியில் ஒரு நடன பீட்டை ஓடவிட்டார்கள். வேகாவின் இசை நிறுவனம் வழக்குப் போடாமல் அதையே வாங்கி வெளியிட, பிரிட்டிஷ் தரவரிசையில் 2-ஆம் இடம் வரை போனது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மூலப் பாட்டின் கடைசியில் வேகா சொல்லில்லாமல் முணுமுணுக்கும் இழுவையைத்தான் டிஎன்ஏ திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, பாட்டின் முகமாகவே ஆக்கிவிட்டார்கள். இன்றைக்குப் பலருக்கும் ஞாபகம் இருப்பது அந்த முணுமுணுப்புதான்.

சரி, நமக்கும் அப்படி ஒரு துண்டு சிக்குமா என்று பார்க்க, நண்பர் ஒருவர் முன்பு எழுதிப் பாடிய பாட்டைக் கேட்டு வாங்கினேன். குரலுக்கும் வாத்தியங்களுக்குமான தனித்தனி டிராக்குகள் தொலைந்து போய், எல்லாம் கலந்த ஸ்டீரியோ கோப்பு மட்டும்தான் மிச்சம். டெமக்ஸ் மென்பொருளில் போட்டதும் குரல், டிரம்ஸ், பேஸ் (தாழ்ந்த சுருதியில் ஓடும் வாத்தியம்), மற்றவை என நான்காகப் பிரித்துக் கொடுத்தது. முதலில் அசந்துதான் போனேன். அப்புறம் ஹெட்போனில் கேட்டால், குரலோடு டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் 'ஸ்ஸ்' ஒட்டியிருக்கிறது, வரியின் முடிவில் எதிரொலி பாதியிலேயே அறுந்துவிடுகிறது. இதைத் துடைத்துச் சுத்தம் செய்யப் போனால் குரலே வறண்டுவிடும். அதனால் இரைச்சல் வரும் இடங்களில் புதிய ஹை-ஹேட் (ஜோடி சிம்பல்) ஒலியை வைத்து மூடிவிட்டேன்.

அடுத்த தலைவலி டெம்போ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற வேகம். தாளம் காட்டும் கிளிக் ஒலி இல்லாமல் வாசித்த பதிவு, 91-க்கும் 94-க்கும் இடையே ஊசலாடுகிறது. ஒவ்வொரு தாளச் சுற்றின் தொடக்கத்திலும் குறி வைத்து, எல்லாவற்றையும் 92-க்கு இழுத்துக் கட்டினேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை. 124-க்கு ஏற்றி நடனப் பாட்டாக்கலாமா என்றும் பார்த்தேன். சுருதி மாறாவிட்டாலும் மெய்யெழுத்துகள் எல்லாம் மென்று துப்பியது போலாகிவிட்டன. வேண்டாம் என்று விட்டேன்.

தேடிய துண்டு கடைசிச் சரணத்துக்கு முன்னால் கிடைத்தது: மூச்சு இழுத்துவிட்டு நண்பர் போடும் ஒரு சின்ன 'ம்ம்ம்'. அதைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, பல்லவியைத் தள்ளிப் போட்டதும் பாட்டு வேறு ஆளாக நின்றது.

இத்தோடு விடாமல், பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவரை வைத்து எடுத்த சிறு வீடியோவின் அடியில் ஓடவிட்டேன். காட்சி மாறும் வெட்டுகள் பாட்டின் துடிப்போடு பொருந்த வேண்டும். வீடியோ நொடிக்கு 24 ஃபிரேம் (படச் சட்டகம்). 92 டெம்போவில் ஒரு துடிப்புக்கு 15.65 ஃபிரேம் வருகிறது, ஆனால் வெட்டு முழு ஃபிரேமில்தான் விழும். டெம்போவை 96 ஆக்கினால் சரியாக 15. காதுக்கு இது பெரிதாகத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் கணக்குப் போடும் தொல்லை ஒழிந்தது. வசனம் வரும் இடத்தில் குரலும் குரலும் மோதியதால், அங்கே வாத்தியம் மட்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீடியோவில் நான் மாற்றாத பழைய பதிவுதான் நன்றாக உட்கார்ந்தது. யோசித்தால் பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ்ஷின் 'ரன்னிங் அப் தட் ஹில்' கதையும் அதுதானே! 1985-இல் பிரிட்டனில் 3-ஆம் இடம் பிடித்த பாட்டு, 2022-இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் நான்காம் சீசனுக்குப் பிறகு முதலிடத்துக்கு வந்தது. மேலே ஏறியது பழைய பதிவேதான். கதையில் ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் பாட்டாக அது வருகிறது. அப்படியொரு வேலை கிடைத்துவிட்டால் புது பீட் எதற்கு?

ஒரு தகவல்: வேறொருவர் பாட்டைப் படத்தில் சேர்க்க இரண்டு அனுமதி வேண்டும், இயற்றியவர் தரப்பில் ஒன்று, ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று. என் விஷயத்தில் இரண்டும் ஒரே ஆள் என்பதால் ஒரு போன் அழைப்பில் முடிந்தது.

நண்பருக்கு 'ம்ம்ம்' வடிவம் பிடித்திருக்கிறது, பேஸ்தான் சவசவ என்று இருக்கிறது என்கிறார். உண்மைதான், பிரித்தெடுத்த பேஸில் காலால் அடிக்கும் கிக் டிரம்மின் இடியும் கலந்து வருகிறது. அதைத் தூக்கிவிட்டுப் புதிதாக வாசித்துப் பதிவு செய்வதுதான் அடுத்த வேலை.