எண் புதிரா? 'எதுவும் இல்லை' வரியைப் பிடியுங்கள்

குரூப் 4 தேர்வில் 200 கேள்விக்கு 3 மணி நேரம். கேள்விக்கு 54 வினாடி. அதில் 25 கேள்வி திறனறிவுப் பகுதி. பாடத்திட்டத்தில் 'புதிர்கள்' என்று ஒரே சொல்தான் இருக்கும். மாதிரித் தேர்வுகளில் என் நேரத்தை விழுங்கியது அதுதான்.

பூட்டின் மூன்று இலக்க எண்ணைக் கண்டுபிடிக்கும் வகையைப் பார்ப்போம். பயிற்சிக்காக நான் போட்டது:

836: ஓர் இலக்கம் சரி, இடமும் சரி.
139: ஓர் இலக்கம் சரி, இடம் தவறு.
385: இரண்டு சரி, இரண்டுமே இடம் தவறு.
642: எதுவும் இல்லை.
546: ஓர் இலக்கம் சரி, இடம் தவறு.

முன்பெல்லாம் முதல் வரியில்தான் தொடங்குவேன். 1000 எண்களில் 147-ஐ மட்டும் விட்டுவைக்கிற வரி அது. 642 விட்டுவைப்பதோ 343. ஆனால் அந்த 147-ம் 8ஆ, 3ஆ, 6ஆ என்று மூன்று கிளையாகப் பிரியும். ஒரு கிளையில் இறங்கினால் மற்றது மறந்துபோகும். 642-ல் கிளையே கிடையாது.

அதனால் 6, 4, 2 மூன்றையும் எல்லா வரியிலும் பேனாவால் அடித்துவிடுங்கள். மனதில் வேண்டாம், தாளில். உடனே 546-ல் மிஞ்சுவது 5 மட்டும். அதற்கு முதலிடம் இல்லை. கடைசி இடமும் இல்லை என்கிறது 385. ஆக, 5 நடுவில். 836-ல் 3 சரியென்றால் அது நடுவில் வர வேண்டும்; அங்கேதான் 5 உட்கார்ந்திருக்கிறதே! எனவே முதலில் 8.

தடுமாற்றம் வருவது கடைசி இலக்கத்தில். 385-ல் இரண்டுதான் சரி; 8, 5 கிடைத்துவிட்டதால் 3 இல்லை என்பதையும் அந்த வரியே சொல்லிவிடுகிறது. மிச்சம் 1, 9. 139-ல் 9 கடைசியில் நிற்கிறது, இடமோ தவறு. அதனால் 9 அங்கே வராது. விடை 851.

விடைகள் கொடுத்திருந்தால் 6, 4, 2 உள்ளவற்றை முதலிலேயே அடித்துவிடுங்கள். சில நேரம் அதோடு வேலை முடிந்துவிடும்.

கிடைத்த விடையை ஐந்து வரியிலும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். ஒரு மாதிரித் தேர்வில் இதேபோல் கடைசி இலக்கம் வரை சரியாக வந்தும், 'இடம் தவறு' என்பதைக் கவனிக்காமல் வேறு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டேன். பத்து வினாடி பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும்.