பேத்திக்காக ஒரு மனு

ஏப்ரல் 17, பாம்பன்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு நாள் ஆகிறது. விசைப்படகெல்லாம் கரையில் கிடப்பதால்தான் இவரையும் கூட்டிக்கொண்டு இராமநாதபுரம் போக முடிந்தது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள் என்று சொன்னார்கள். சட்ட உதவி மையத்தில் அப்படியே நடந்தது.

வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டார். மகள் இறந்தபோது பாப்பாவுக்கு இரண்டு வயது. இப்போது எட்டு. மருமகன் வேறு கல்யாணம் செய்துகொண்டு கேரளத்தில் படகு வேலை பார்க்கிறார். ஆறு வருஷத்தில் மூன்று தடவை வந்தார். போன வாரம் போன்: “கைக்குழந்தையப் பாத்துக்க ஆள் வேணும், இவள அனுப்புங்க.”

“வளர்த்தது நாங்கதானம்மா, இதுக்கு எதுக்கு கோர்ட்டு?” என்றார் இவர். பிள்ளைக்குக் காப்பாளர் நியமிக்க 1890-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறதாம். தகப்பன் உயிரோடு இருந்தால், அவர் தகுதியில்லாதவர் என்று நீதிமன்றம் கருதினால்தான் எங்களைக் காப்பாளராக நியமிக்கும்.

ஏப்ரல் 23

மனுவை வாசித்துக் காட்டினார்கள். ‘தகப்பன் தகுதியற்றவர்’ என்ற வரி வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி முழுக்கக் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் அவர். அதையும் எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் வக்கீலம்மா. மருமகன் வந்து பாப்பாவைப் பார்ப்பதைத் தடுக்க மாட்டோம் என்றாவது போடுங்கள் என்றேன். போட்டார். அப்புறம்தான் கையெழுத்திட்டேன்.

மே 20

கோர்ட்டுக்கு விடுமுறை. மனு அப்படியே இருக்கிறது. வாசலில் போன் சத்தம் கேட்டாலே பாப்பா உள்ளே ஓடுகிறாள்.

ஜூலை 8

இன்று கோர்ட்டில் வாய்தா. இவர் கடலுக்குப் போகவில்லை. நோட்டீஸ் கிடைத்து மருமகனும் வந்திருந்தார், ரொம்ப இளைத்துப்போய். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் கேட்கலாமாம். நீதிபதி பாப்பாவைத் தனியாக அறைக்குள் அழைத்துப் பேசினார். நானும் இவரும் வராந்தாவில் நின்றோம். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அடுத்த வாய்தா ஆகஸ்டில்.

பஸ் ஏறும்போது மருமகன் ஒரு கவுனை அவள் கையில் கொடுத்தார். ஐந்து வயசுப் பிள்ளைக்கு ஆகிற அளவு. வீட்டுக்கு வந்ததும் போட்டே ஆக வேண்டும் என்று நின்றாள். தையலைப் பிரித்துவிட்டுப் பார்த்தேன், இரண்டு விரல் துணிதான் உள்ளே இருக்கிறது. நாளைக்கு ஒட்டுத்துணி வாங்க வேண்டும்.