மேலறைத் திசுவும் நாரட்ரீனலின் கணக்கும்

கினிப்பன்றியின் இதய மேலறையில் உள்ள, துடிப்பை விரைவாக்கும் பரிவு நரம்புகள், தசைக்குச் செய்தி கடத்தும் வேதிப்பொருளான நாரட்ரீனலினை எவ்வளவு வெளிவிடுகின்றன, ஒரு மருந்து அதைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று அளப்பதே மருந்தியல் ஆய்வகத்தில் என் முதன்மைப் பணி. ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய நாரட்ரீனலினில் திசுவை ஊறவைத்தால் நரம்பு முனைகள் அதை உறிஞ்சி நுண்பைகளில் சேமித்துக்கொள்ளும். பிறகு, 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடும் செலுத்தப்பட்ட கிரெப்ஸ் கரைசலை (உடல் திரவத்தை ஒத்த உப்புக்கரைசல்) 37 டிகிரி வெப்பத்தில் அதன்மேல் ஓடவிட்டு, மின்தூண்டல் கொடுத்து, வழிந்துவரும் கரைசலைக் குழாய்களில் பிடித்துக் கதிரியக்கத்தை எண்ணுகிறோம். வலது மேலறை கலத்தில் தொங்கும்போதும் தானாகவே துடிக்கும். தூண்டியதும் துடிப்பு விரைவது கண்ணுக்கே தெரியும். ஆனால் அந்த வேகத்தை அளவுகோலாகக் கொள்ள முடியாது, ஏனெனில் நாரட்ரீனலினின் செய்தியை வாங்கும் தசையின் பீட்டா ஏற்பிகளைத் தடுக்கும் புரோப்ரனலால் மருந்தைக் கொடுத்தால், நாரட்ரீனலின் வெளிவந்துகொண்டிருக்கும்போதே துடிப்பின் விரைவு அடங்கிவிடும்.

புதிதாகச் சேருபவர்களிடம் நான் முதலில் வலியுறுத்துவது, குழாயில் சேர்வது நரம்பு வெளிவிட்டதன் முழு அளவு அன்று, நரம்பே அதைத் திரும்ப உள்ளிழுத்துக்கொள்ளும் மீள்உறிஞ்சலுக்குப் பின் எஞ்சியது மட்டுமே என்பதுதான். மீள்உறிஞ்சலைத் தடுக்கும் டெசிப்ரமின் மருந்தைச் சேர்த்தால் வழிவு, அதாவது குழாயில் சேரும் அளவு, பன்மடங்காகும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆனால் நரம்புக்கும் தசைக்கும் இடைவெளியில் தேங்கும் நாரட்ரீனலின், தன்னை வெளிவிட்ட நரம்பின் ஆல்ஃபா-2 ஏற்பிகளிலேயே படிந்து அடுத்த வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துவதால், ஏற்றம் எதிர்பார்த்த அளவுக்கு இருப்பதில்லை. டெசிப்ரமினோடு, ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தடுக்கும் யோகிம்பினையும் சேர்த்து அந்தத் தடையை விலக்கும்போதுதான் வழிவு நன்கு உயர்கிறது. தனியொரு மின்துடிப்பால் தூண்டினாலோ யோகிம்பினால் பெரிய மாற்றம் வராது. தடைசெய்யும் அளவுக்கு நாரட்ரீனலின் இன்னும் சேர்ந்திருக்காதே.

இந்தக் கட்டுப்பாடு நரம்பில் உள்ளதா தசையில் உள்ளதா என்ற கேள்விக்கு இதயத் திசு மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம். ஆல்ஃபா ஏற்பிகளைத் தடுத்தால் பூனையின் மண்ணீரலிலிருந்து வரும் நாரட்ரீனலின் கூடுவதை பிரவுனும் கில்லெஸ்பியும் 1957இல் காட்டினர். அங்கே தசையிலும் ஆல்ஃபா ஏற்பிகளே இருப்பதால், தசையில் பற்றிக்கொள்ள இடமின்றி அது வழிந்துவிடுகிறது என்று விளக்க இடம் இருந்தது. இதயத் தசையோ பெரும்பாலும் பீட்டா ஏற்பிகள் வழியே இயங்குவது. அங்கும் ஆல்ஃபா தடுப்பிகள் வெளிப்பாட்டைக் கூட்டின என்பது 1970களின் தொடக்கத்தில் தெளிவானபோது, கட்டுப்பாடு நரம்பு முனையிலேயே உள்ளது என்ற கருத்து வலுப்பெற்றது.

கால்சியத்தை நீக்கிப் பார்ப்பதையும் நான் விடுவதில்லை. மின்தூண்டலால் வரும் வெளிப்பாடு அப்போது நின்றுவிடும். ஆனால் டைரமின் என்ற பொருள் நாரட்ரீனலினைத் தள்ளி வெளியேற்றுவது தொடரும். இரத்த ஓட்டம் நெடுநேரம் தடைபட்ட இதயத்தில் நிலைமை இன்னும் மாறுகிறது. நரம்பினுள் சோடியம் பெருகி, நாரட்ரீனலினை உள்ளிழுக்க வேண்டிய கடத்திப் புரதமே அதை வெளியே தள்ளுகிறது. வழக்கமாக வழிவைக் கூட்டும் டெசிப்ரமின் அங்கே அதைக் குறைக்கிறது. ஆகவே, ஒரு மருந்தின் பெயருக்கு எதிரே ‘கூட்டும்’ என்று மட்டும் எழுதிய பதிவேடு என் மேசைக்கு வந்தால், திசுவுக்கு ஆக்சிஜன் கிடைத்ததா, எத்தனை மின்துடிப்புகள் எந்த அதிர்வெண்ணில் கொடுக்கப்பட்டன, மீள்உறிஞ்சல் தடுக்கப்பட்டிருந்ததா என்பவற்றையும் அதே வரியில் எழுதிவரும்படி திருப்பி அனுப்புகிறேன்.